நெய்யாற்றின்கரையில் திறக்கும் பாட்டில்

பஸ் கண்டக்டராக இருந்தவனுக்கு மூத்திரத்தை அடக்கத் தெரியும். நாகர்கோவிலில் விசிலடித்தால் திருவனந்தபுரத்தில் இறங்கித்தான் மற்ற காரியமெல்லாம் என்று வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு அந்த ஒரு திறமையைத்தான் உடம்பு முதலில் கைவிட்டது. ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து நடந்தேன். வயதானால் அப்படித்தான் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் ரத்தம் எடுத்து, சதை எடுத்துப் பார்த்து, புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று சொன்னார்கள்.

எலும்புக்குப் பரவவில்லை, ஊசியும் கதிர்வீச்சும் முழுதாக எடுத்துக்கொண்டால் பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வாரத்தில் ஐந்து நாள் திருவனந்தபுரம் வரவேண்டும், அதுவும் வாரக்கணக்கில். பாதியில் விட்டுவிட்டு வந்து நிற்கக்கூடாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். சரி சார், சரி சார் என்று தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்ன கஷ்டம்?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னேன். அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து கேட்ட முதல் கேள்வி, "கோயில்ல என்னன்னு சொல்லி ஜெபிக்கச் சொல்லது?"

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின்போது சுகமில்லாதவர்களின் பெயரையும் நோயையும் சொல்லித்தான் ஜெபிப்பார்கள். இருதயம், சுகர், முட்டுவலி எல்லாம் கூச்சமில்லாமல் ஒலிபெருக்கியில் வரும். என் நோய் உட்கார்ந்திருக்கும் இடத்தை அந்த ஒலிபெருக்கியில் எப்படி ஏற்றுவது? சபையில் பாதிப் பேர் என்னிடம் டிக்கெட் வாங்கியவர்கள். இரண்டு பேருமாக யோசித்து, அந்த இடத்துக்குக் கொஞ்சம் பக்கத்திலேயே வருகிற ஒரு நோயைப் பிடித்தோம். கல்லடைப்பு.

ஆமென் சொல்லி வாய் மூடவில்லை, வாழைத்தண்டு வரத் தொடங்கிவிட்டது. கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், வாழை இல்லாத வீடும் இல்லை. மட்டித் தண்டு, ஏத்தன் தண்டு என்று அடுக்களை மூலையில் சாத்தி வைத்தார்கள். கொண்டு வந்தவர்கள் மறுநாள் வழியில் பார்த்து, "குடிச்சேளா?" என்று வேறு கேட்பார்கள். ஒரு பொய்யே போதும், இன்னொன்று சொல்ல முடியாது என்று மனைவி தினமும் இடித்துப் பிழிந்து ஒரு டம்ளர் நீட்டுவாள். இல்லாத கல்லுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன்.

ஆண் ஹார்மோனை அடக்க வயிற்றில் போட்ட ஊசி வேறு விதமான கூத்து. திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்த்து ஊற்றும், அடுத்த நிமிடம் குளிரும். டிவியில் கல்யாணத்தைக் காட்டினால் அழுகை வரும். "எனக்குத் தீட்டு நின்ன வயசுல இப்பிடி வந்தப்பம் ஃபேன் போட்டா கரண்டு பில்லு கூடும்னு சொன்னவருதானே?" என்று மனைவி விசிறிவிட்டுக்கொண்டே சிரித்தாள். அவள் சிரித்தது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

இரணியலில் காலை ரயில் ஏறுவேன். ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு அறைக்கு முன்னால் ஒரு கூடம். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் என் வயது ஆண்கள், எல்லோர் மடியிலும் தண்ணீர் பாட்டில். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் கதிர் குடலைத் தொடாமல் சரியான இடத்தில் விழுமாம். அடக்க முடியவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடம், வயிறு முட்டக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு இரு என்கிறார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்ல? முதல் நாள் நேரம் தெரியாமல் முன்கூட்டியே குடித்துவிட்டு, முறை வருவதற்குள் ஓடிப்போய்க் கொட்டிவிட்டு வந்தேன். மறுபடியும் குடித்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள்.

"என்ன கண்டக்டரே, ஸ்டாப்பு வருகதுக்கு முன்னாடியே எறங்கிட்டீரா?"

திரும்பிப் பார்த்தால் கோட்டாற்றுத் துணிக்கடை முதலாளி. அவர் கடையில்தான் நான் காலமெல்லாம் சாரம் எடுப்பது. லுங்கியை நாங்கள் சாரம் என்றுதான் சொல்வோம். தொழுகைத் தொப்பியும் மடியில் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தார். ஒருவரையொருவர் பார்த்ததும் இரண்டு பேருக்கும் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு அவரே, "கடைக்குச் சரக்கெடுக்கப் போறேன்னு சொல்லியாக்கும் வருகேன். நீரு?" என்றார். கல்லடைப்பு என்றேன். வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிப்புக் காட்டாதீரும்வேய், எல்லாம் போயிரும்" என்று கெஞ்சினார்.

அவர் எனக்கு முன்னால் தொடங்கியவர். கணக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி. நெய்யாற்றின்கரை வந்தால் பாட்டிலைத் திற, பாலராமபுரத்தில் பாதி, நேமத்தில் மூடி வை, மீதி ஆட்டோவில். நாகர்கோவிலில் ஏறி எனக்கும் இடம் போட்டு வருவார். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் பாட்டிலை அண்ணாந்து குடிப்பதைப் பார்த்து எதிர் சீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். டாக்டரிடம் கேட்க முடியாததை அவரிடம் கேட்டேன். பெண்டாட்டி பக்கத்தில் படுக்கும்போது என்ன தோன்றுகிறது என்றுகூடக் கேட்டேன். "ஒண்ணும் தோணல்லவேய். அதுதான் கரைச்சலு. அவ கைய மட்டும் புடிச்சிட்டுக் கெடக்கேன்" என்றார். என் வாழ்நாளில் இன்னொரு ஆணிடம் நான் பேசிய பேச்சிலேயே அதுதான் பெரிய பேச்சு. வேறொரு நாள் முதலாளி, தனக்கு டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் கூட்டிப் போட்டிருப்பதாகச் சொன்னார். என் முறை எப்போதும் முன்னால் வந்துவிடும். நான் முடித்து, கழிப்பறைக்கு ஓடி, கேன்டீனில் காத்திருந்தால் பிறகு அவர் வருவார்.

பாதி வாரங்கள் போனபோது நான் ஓய்ந்துவிட்டேன். எந்த வேலையும் செய்யாமலே மலையேறி வந்த களைப்பு. சோறு கசந்தது. ஒருநாள் நேமம் தாண்டி, சிக்னலுக்காக ரயில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ பேசினார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. சூடாக இறங்குவது தெரிந்தது. பேன்ட் நனைந்து, சீட் நனைந்து, எதிரில் இருந்த பெண் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்காகத்தான் திரும்பினாள். அதுதான் தாங்கவில்லை.

முதலாளி தன் பையிலிருந்து மடிப்புக் கலையாத ஒரு புதுச் சாரத்தை எடுத்து என் மடியில் விரித்தார். "உடுத்தும். பைசா பொறவு தந்தாப் போரும்." கடை லேபிள் இடுப்பில் குத்த, அந்தச் சாரத்தோடு போய், மறுபடியும் குடித்துக் காத்திருந்து, கதிருக்குப் படுத்தேன்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொல்லிவிட்டேன். இனி நான் போகமாட்டேன். போதும். வருவது வரட்டும். அவள் டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னாள், மன்றாடினாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். காலையில் ரயில் போன சத்தம் வீட்டுக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டே கிடந்தேன். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. முதலாளி. பிளாட்பாரத்தில் என்னைக் காணாமல் இரணியலில் இறங்கிவிட்டாராம், ரயில் போய்விட்டது. மனைவிக்கு அவர் யாரென்று அன்றுதான் தெரியும். என்ன செய்வதென்று தெரியாமல், எனக்காகப் பிழிந்து வைத்திருந்த வாழைத்தண்டுச் சாற்றை அவருக்குக் கொடுத்தாள்.

"எனக்கும் கல்லுதாம்மா" என்று சொல்லி ஒரே மூச்சில் குடித்து முகத்தைச் சுளித்தார்.

நான் கோபத்தில் எழுந்து உட்கார்ந்தேன். "நீரு எதுக்குவேய் எறங்குனீரு? ஒமக்க முறை போச்சே! நான் நாசமாப் போனாலும் நீரு ஆஸ்பத்திரிக்குப் போவாண்டாமா?"

"ஒத்தையில போறதுக்கு மனசு வரல்ல" என்றார். "நீரு வந்தா பஸ்ஸுல போவலாம். வரல்லன்னா நானும் வீட்டுக்குப் போறேன்." சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அவசரமே இல்லாத மாதிரி.

என் உயிரை நான் விடலாம். அடுத்தவன் உயிரைப் போகவிட எனக்கென்ன அதிகாரம்? திட்டிக்கொண்டேதான் சட்டை மாட்டினேன். அவர் கொடுத்த அந்தச் சாரத்தையே, மனைவி துவைத்துப் போட்டிருந்ததை, உடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் களியக்காவிளை வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். ரோட்டின் குலுக்கலில் தண்ணீர் குடிப்பது ஆபத்து என்று பாட்டிலைத் திறக்கவே இல்லை.

கூடத்தில் கூட்டம் குறைந்திருந்தது. பிந்தி வந்ததற்கு நானே நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டு, எங்கள் இரண்டு பேரையும் எப்படியாவது இன்றைக்கே சேர்த்துக்கொள்ள வேண்டும், தப்பு என்னுடையது, முதலில் இவரைக் கூப்பிடுங்கள் என்றேன். அந்த மலையாளிப் பெண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வாப்பாக்கு போன வாரமே தீர்ந்துபோயல்லோ" என்றாள். "பின்னே எந்தினா தினமும் வருந்நது?"

முதலாளி கூரையில் இருந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சண்டை போடத்தான் தோன்றியது. போன வாரம் முடிந்த மனிதர் இத்தனை நாள் எதற்கு ரயில் ஏறினார்? ஏறியதுகூடப் போகட்டும், நெய்யாற்றின்கரையில் பாட்டிலைத் திறந்து என்னோடு கூடவே குடித்தாரே, சிக்னலில் நான் நனைந்து உட்கார்ந்திருந்தபோது அவருடைய வயிறும்தானே முட்டிக்கொண்டிருந்தது?

"எதுக்குவேய் குடிச்சீரு?" என்றேன். குரல் உடைந்துவிட்டது. ஊசியால்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

"ஒருத்தன் குடிக்கான், ஒருத்தன் பாத்துட்டு இருக்கான்னா நல்லாவா இருக்கும்?" என்றார் அவர்.

நர்ஸ், தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள், கடைசியில் எடுத்துக்கொள்கிறோம் என்றாள். நான் பாட்டிலைத் திறந்தேன். மூக்கை அவர் தந்த சாரத்தின் நுனியில் துடைத்துக்கொண்டு, நிறைந்திருந்த பாட்டிலை முதலில் அவரிடம் நீட்டினேன். அவர் பக்கத்தில் இருந்த கழிப்பறைக் கதவை ஒருதரம் பார்த்துவிட்டு, வாங்கிக் குடித்தார்.