குழாயில் வந்த கட்டங்காப்பி

எங்கள் குடும்பத்தில் தலைவலி வந்தால்கூடக் கோடாங்கியிடம் குறி கேட்க ஓடுவார்கள், நான் ஒருநாளும் போனதில்லை. பேய், காத்து, கருப்பு எதையும் நம்பாதவள்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்தது நடந்ததுதான்.

என் வீட்டுக்காரர் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது, பேச்சும் போனது, எதை விழுங்கினாலும் புரையேறியது. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டு, போடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்த நர்சம்மாதான் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார வைக்க வேண்டும், குழாயில் போட்ட குறி மூக்கோரமே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சிரிஞ்சில் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கஞ்சியை விட வேண்டும்.

"காப்பி கலர்ல வந்துச்சுன்னா கஞ்சி ஊத்தாதீக, உள்ள ரத்தம் கசியுதோ என்னமோ. வெரசா கூட்டியாந்துருங்க" என்றார்.

ஐந்தாவது மாதம், பட்டப்பகலில் நடந்தது இது. பத்து மணிக்கு வடிகட்டிய கேப்பைக் கஞ்சி விட்டு, தண்ணீர் விட்டுக் குழாயை அலசி மூடினேன். பன்னிரண்டு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன், அங்கே ஒரே கூட்டம், திரும்பிவர ஒரு மணியாகிவிட்டது.

போட்ட பூட்டு போட்டபடி இருந்தது. அவர் முழித்துக்கொண்டுதான் கிடந்தார். ஒரு மணிக் கஞ்சிக்கு முன்னால் சிரிஞ்சை மாட்டி இழுத்தேன், கறுப்பாக வந்தது. ரத்தம்தான், மனுசன் போய்விடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் சிரிஞ்சு கையைச் சுட்டது. வயிற்றுக்குள்ளிருந்து வருவது வெதுவெதுப்பாக இருக்கலாம், இது அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியதுபோலச் சுட்டது.

அதை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, ஆட்டோவில் அவரைத் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் பாட்டிலை முகர்ந்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"ஏம்மா, இது ரத்தமில்ல, கட்டங்காப்பி. யாரக் கேட்டு ஊத்துனீங்க?"

"சத்தியமா ஊத்தல சார். எங்க வீட்டுல காப்பித்தூளே கெடையாது."

அவர் நம்பவில்லை. பரிசோதனை எல்லாம் செய்தும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டு அக்காவிடம் யாராவது வந்தார்களா என்று கேட்டேன். "நான் வாசல்லதான் உக்காந்து துணி தச்சுக்கிட்டு இருந்தேன். பூட்டுன வீட்டுக்குள்ள எவன் வருவான், ஆத்தா?" என்றார்.

இரண்டு மாதம் கழித்து அவருக்கு விழுங்க வந்துவிட்டது, குழாயை எடுத்துவிட்டார்கள். பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஒரு நாள் இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தேன், அவராகவே சொன்னார்.

"அன்னைக்கு நீ கூட்டியாந்த ஆளு நல்ல மனுசன். காப்பியிலதான் சீனி தூக்கலாப் போச்சு."

நான் யாரையும் கூட்டிவரவில்லை. யார் வந்தது என்று அவரிடம் இன்றுவரை கேட்கவுமில்லை. கனவு கண்டிருப்பார் என்றுகூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் குழாய் மூக்கில் நுழைந்து நேராக வயிற்றுக்குப் போவது, அதில் விடுகிற எதுவும் நாக்கில் படவே படாது. ஏழு மாதமாக நான் விட்ட கஞ்சியில் உப்பு இருந்ததா இல்லையா என்றே அவருக்குத் தெரியாது. சீனி மட்டும் எப்படித் தெரிந்தது?