இடது கதவில் மூன்று தட்டு

இது நடந்தது. கேட்டுவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் இது யாருக்கு நடந்ததோ அந்த மனிதரைத் தெரிந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வண்டி தயாராகும் என்று சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமையே சாவியைக் கையில் கொடுக்கும் ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவர் அப்படிப்பட்டவர். பழைய கார்களின் பம்பர், விளக்கு வளையம், கதவுப் பட்டை என்று மங்கிப்போன எதையும் கழற்றி, தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பது அவர் தொழில். அதனால் எல்லோருக்கும் அவர் 'பளபளா' அண்ணன்.

திங்கட்கிழமை காலை சாம்பல் நிறத்தில் ஒரு பழைய கார் வந்தது. கூட வந்தவர் ஓய்வு பெற்ற டீச்சர். கணவர் இறந்து நாலு மாதம். காரை விற்கப் போகிறார். வாங்குகிறவர் பட்டைகளைச் சரிசெய்து தரச் சொல்லியிருந்தார்.

"எல்லாத்தையும் பண்ணிடுங்க. முக்கியமா இது" என்று முன்பக்க இடது கதவைக் காட்டினார். கதவின் நீளத்துக்கு ஓடும் அலுமினியப் பட்டையில், ஜன்னலுக்குக் கீழே சின்னச் சின்னக் குழிகள். அம்மைத் தழும்பு மாதிரி.

"எதுலங்க பட்டுச்சு?"

"ஒரு குழிகூடத் தெரியக் கூடாது."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. கதவைத் தொடாமலேயே டீச்சர் போய்விட்டார்.

அண்ணன் பெயின்ட்டில் கீறல் விழாமலிருக்க ஓரமெல்லாம் டேப் ஒட்டினார். பிளாஸ்டிக் ஆப்பை அடியில் கொடுத்து, கிளிப் கிளிப்பாக நெம்பினார். அவசரப்பட்டால் அலுமினியம் மடங்கிவிடும். மடங்கின கோடு ஜென்மத்துக்கும் போகாது. அரை மணி நேரத்தில் பட்டை முழுசாகக் கைக்கு வந்தது. மரக்கட்டையில் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு குழியாகத் தட்டி எழுப்பினார். பிறகு அரம், உப்புத்தாள், கடைசியில் சுற்றும் துணிச் சக்கரம். சாயங்காலம் பட்டை கண்ணாடி மாதிரி இருந்தது. துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

செவ்வாய். மதியம் மூன்று ஐம்பது. ரேடியோவில் செய்திக்கு இன்னும் பத்து நிமிடம் என்பதால் நேரம் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

டக்... டக் டக்.

காருக்குப் பக்கத்திலிருந்து கேட்டது. போய்ப் பார்த்தார். யாரும் இல்லை. இடது கதவில் இப்போது பட்டையும் இல்லை, வெறும் தகரம். தகரத்தைத் தட்டினால் தொம்மென்று கேட்கும். இது கணீரென்று கேட்டது.

என்னவோ தோன்றி அலமாரியைத் திறந்தார். துணியைப் பிரித்தார்.

பட்டையில் மூன்று குழிகள்.

"வயசாகுதுடா உனக்கு" என்று தன்னையே திட்டிக்கொண்டு, மறுபடி தட்டி, மறுபடி தேய்த்தார். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

புதன். புது கிளிப் போட்டுப் பட்டையைக் கதவில் மாட்டினார். கண்ணாடியை ஏற்றி மூடினார். கடைசியாக ஒரு துடைப்புக்காகக் கதவு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

கண்ணாடி இறங்கியிருந்தது.

கடிகாரத்தில் மூன்று ஐம்பது.

டக்...

முகத்துக்கு ஒரு சாண் தள்ளி. அவர் கண் முன்னால் அலுமினியம் உள்வாங்கியது. மாவில் விரல் வைத்து அழுத்தின மாதிரி...

டக் டக்.

இன்னும் இரண்டு.

காருக்குள் யாரும் இல்லை.

சீட் மட்டும் அமுங்கியிருந்தது.

ஓட வேண்டும் என்று நினைத்தார். கால் வரவில்லை. அது கோபமாகத் தட்டுகிற சத்தம் இல்லை. யாரையோ கூப்பிடுகிற சத்தம்.

வியாழக்கிழமை மூன்றரைக்கு டீச்சரை வரவழைத்தார்.

"டீச்சர், இந்தக் குழியெல்லாம் எப்படி வந்துச்சு? மறைக்காம சொல்லுங்க."

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஓட்ட முடியாத காரில், ஓட்டுகிறவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில், தினமும் போய் உட்கார்ந்திருப்பார். ஏதாவது வேண்டுமென்றால் இடது கையை ஜன்னலுக்கு வெளியே போட்டு, மோதிரத்தால் பட்டையில் தட்டுவார். ஒரு தட்டு, பிறகு இரண்டு. டீச்சர் போவார்.

"அன்னைக்குக் காலையில சண்டை. 'இனிமே நீங்க எங்க ஓட்டப் போறீங்க, வித்துத் தொலைக்கலாம்'னு சொல்லிட்டேன். கோவிச்சுக்கிட்டு வந்து கார்ல உக்காந்துட்டார். சாப்பிடக்கூட நான் கூப்பிடல. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்... தட்டினார். தட்டட்டும்னு இருந்துட்டேன். திரும்பத் திரும்பத் தட்டினார். நான் போகல. அஞ்சு மணிக்குப் போய்ப் பார்த்தா..."

டக்... டக் டக்.

பளபளா அண்ணன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். டீச்சர் பயப்படவில்லை. எழுந்தார்.

"வந்துட்டேங்க" என்றார். "இதோ, வந்துட்டேன்."

ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். கையை நீட்டி, பக்கத்து வெறும் சீட்டின் மேல் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. தட்டும் சத்தம் அதற்குப் பிறகு வரவேயில்லை. ஆறு மணிக்கு இறங்கி வந்தார்.

"இந்தப் பட்டை இப்படியே இருக்கட்டும். வண்டிய விக்கல."

மற்ற பட்டைகளை முடிக்க ஒரு வாரம் ஆனது. வண்டியை எடுக்க டீச்சரின் தம்பி வந்தார். அண்ணன் நடந்ததைச் சொன்னார். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்துப்போனது.

"நாலு மணிக்கா? அக்கா என்கிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டிருக்காங்க" என்றார். "அன்னைக்கு டாக்டரைக் கூட்டிட்டுப் போனது நான்தாங்க. அப்பவே உடம்பு விறைச்சிருந்துச்சு. டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னார். உயிர் போனது காலையில... பதினோரு மணிக்கு முன்னாடியே."

அண்ணன் சாவியை எடுத்து நீட்டினார்.

"அதை அவங்ககிட்ட சொல்லலாமே?" என்றார் அண்ணன். "நாலு மணிக்குப் போகாததால ஒண்ணும் ஆகலன்னு தெரிஞ்சா, மனசு ஆறும்ல?"

தம்பி சாவியை வாங்கிக்கொண்டார்.

"எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சுங்க. ஆனா சொன்னா, அப்போ தட்டினது யாருன்னு கேப்பாங்களே..."