சிறு விரலுக்கு அடங்கும் கல்

அந்தக் கல்லைப் பிடித்தது ஒரு குழந்தையின் கையா? இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

முட்டத்துக்கு அருகே தேரி எனப்படும் செம்மணல் மேட்டில் கிடைத்த வெள்ளைக்கல் சில்லு அது. என் சுண்டுவிரல் நுனி அளவுதான். பழங்கால மனிதர்கள் இப்படிப்பட்ட சில்லுகளால் என்ன வேலை செய்தார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. அதே வகைக் கல்லை உடைத்துப் புதுச் சில்லுகள் செய்வேன். ஒன்றால் மீன் அறுப்பேன், இன்னொன்றால் பனைமட்டையைச் சுரண்டுவேன். பிறகு விளிம்பில் விழுந்த கீறல்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பழைய கல்லோடு ஒப்பிடுவேன்.

இந்தச் சில்லில் நாருள்ள மட்டை எதையோ சுரண்டிய மெருகு இருந்தது. மரப்பிடியில் செருகிய அடையாளம் இல்லை; வெறும் விரலால்தான் பிடித்திருக்க வேண்டும். கீறல்கள் ஒரே போக்கில் இல்லாமல் முன்னும் பின்னும் குறுக்குமாகக் கிடந்தன. அதே அளவில் சில்லுகள் செய்து நானும் கணவரும் சுரண்டிப் பார்த்தோம். எங்கள் விரல்களுக்கு அவை சரியாக அகப்படவில்லை. அகப்பட்டபோதும் கீறல்கள் நேராகவே விழுந்தன.

"எனக்குத் தாம்மா, நான் செய்யுதேன்" என்றாள் ஐந்து வயது மகள். அவள் விரல்களைப் பார்த்ததும்தான், அந்தக் கல்லையும் ஒரு குழந்தை பிடித்திருக்குமோ என்ற எண்ணம் வந்தது. கூடவே பயமும் வந்தது. புதிதாக உடைத்த வெள்ளைக்கல் பிளேடு போல அறுக்கும்.

கையுறை போட்டுவிட்டேன், கல் நழுவியது. கடைசியில் ஒரு சில்லைச் சிமென்ட் தரையில் தேய்த்து மழுக்கிக் கொடுத்தேன். புறவாசலில் உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு மட்டையைச் சுரண்டினாள். பக்கத்தில் மாமியார் மீன் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் அரிவாமனைய எடுத்தா பிள்ளையத் தூக்கிட்டு ஓடுவா. இப்பம் அவளே கல்லக் குடுத்து இருத்தியிருக்கா. நல்ல படிப்புதாம்ட்டி ஒனக்கு!"

"மழுக்கித்தான் குடுத்திருக்கேன் மாமி."

"அப்பம் எனக்க அரிவாமனையவும் ஒருக்க மழுக்கித் தா மக்கா. நாளைக்கு மீன கையால பிச்சுக் கறி வைக்கேன்."

மறுநாள் அந்தச் சில்லை நுண்ணோக்கியில் வைத்தேன். விளிம்பு முழுக்க நான் சிமென்டில் தேய்த்த கோடுகள். மழுங்கிய கல் மட்டையில் வழுக்கியே போயிருக்கிறது. மகள் சுரண்டியதற்கு ஒரு தடமும் இல்லை.

"சரியா வரல்ல மோளே" என்றேன்.

"கூருள்ள கல்லு தா."

"கை அறுத்திரும்."

"அந்தக் காலத்துப் பிள்ளைக்கு அவ அம்மா குடுத்தாள்லா?"

கொடுத்தாளா, அவள் பார்க்காதபோது பிள்ளை எடுத்துக்கொண்டதா? ரத்தம் வந்ததா? கல்லில் அதற்குத் தடம் இல்லை.

மணலில் மிதிபட்டாலும் கீறல்கள் இப்படிக் குழம்பலாம் என்கிறார் என் ஆய்வு வழிகாட்டி. குழந்தையின் கை என்று எழுத வேண்டுமானால், ஒரு குழந்தை கூரான கல்லால் சுரண்டும் சோதனை வேண்டும். செய்வதும் விடுவதும் என் விருப்பம் என்றார். செய்யாவிட்டால் ஆய்வேட்டில் 'காரணம் தெரியவில்லை' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடலாம். அப்படி ஒரு பிள்ளை இருந்திருந்தால், அந்த வரியோடு அது இல்லாமல் போகும். ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய நாளும் நெருங்குகிறது.

அவள் கைமேல் என் கையை வைத்துச் செய்யலாமா என்றும் யோசித்தேன். அப்போது விழுவது என் கீறல்தானே?

கூரான சில்லு ஒன்றைப் பஞ்சில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். மகளுக்கு எட்டாது. எட்டாதுதானா என்று அடிக்கடி போய்ப் பார்க்கிறேன்.

சிறு பிள்ளைகளை வளர்ப்பவர்களிடம் கேட்கிறேன். நீங்களாக இருந்தால் கொடுப்பீர்களா? உங்கள் பிள்ளையின் கையில் முதன்முதலாகக் கத்தியைக் கொடுத்தபோது என்ன வயது, நீங்கள் எவ்வளவு தள்ளி உட்கார்ந்தீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.