கல் நின்ற இடத்தில் என் தங்கை

என் தங்கை இசக்கிச்செல்வி ஜெயித்தவை இவை: இளம்பிள்ளைவாதம் இரண்டு கால்களையும் எடுத்த பிறகும் வீட்டுக்குள் முடங்க மறுத்தது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் சேரன்மகாதேவிச் சந்தைக்குத் தனியாகப் போய்க் கருவாடு விற்றது. எங்கள் ஊர்க் குளத்தைப் பறவைகளுக்கென்று விட்டு, கரையில் நடைபாதை போட முடிவானபோது, வண்டி ஏறும்படி சரிவு வேண்டும் என்று கூட்டத்தில் பேசி வாங்கியது.

சரிவைக் கட்டிய கொத்தனார் மணிராஜுக்கு நான் என்றும் நன்றி சொல்வேன். செங்கல் ஏற்றிய தள்ளுவண்டியைத் தானே மேலே தள்ளிப் பார்த்து, மூச்சு வாங்காத அளவுக்குச் சரிவை நீட்டினார்.

ஆனால் திறப்பு நாளன்று செல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள். பைக்குகள் நுழையாதிருக்க முந்தின நாள் மூன்று கற்களை நட்டிருந்தார்கள். இடைவெளியில் ஆள் நுழையலாம். அவள் வண்டி நுழையாது.

ஊர்த் தலைவர் தேவசிகாமணி அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏட்டி செல்வி, பைக்குப் பயலுவள நெனச்சோம். உன்னைய நெனைக்கலையே!"

"நடுக்கல்ல எடுத்துருங்க அண்ணாச்சி."

"எடுத்தா அவனுவ உள்ள பறப்பானுவளே?"

"கல்லு நிக்க எடத்துல நான் நிக்கேன். என் வண்டிய இடிச்சிட்டுப் போவ எவனுக்குத் தைரியம் இருக்கு? உங்க மவனுக்கு இருக்கா?"

ஊரில் வேகமாகப் பைக் ஓட்டுபவன் அவர் மகன்தான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சியும் சிரித்தார்.

"அந்தப் பயலையே கடப்பாரையோட வரச் சொல்லுதேன், இரு."

அவன் வந்தான். கல்லைப் பெயர்த்து, குழியை மூடி மண்ணை மிதித்துக் கொடுத்தான். முதலில் உள்ளே போனவள் செல்வி.

அன்றிலிருந்து காலையும் மாலையும் அந்த இடத்துக்கு அவள்தான் காவல். கைத்தடி ஊன்றி வருகிறவர்களுக்கு வழிவிடுவாள், பைக்குக்கு விடமாட்டாள். ஊராட்சியில் சம்பளமும் உண்டு.

மதியம் ஆள் குறைந்ததும் பாதை முழுக்கத் தனியாகப் போய்வருவாள். வழியெங்கும் பறவைப் படமும் அதன் கீழே பெரிய எழுத்தில் பெயரும் உள்ள பலகைகள் உண்டு. பள்ளிக்கூட வாசலில் உயரமான படிகள் இருந்ததால் அவள் படிக்கப் போனதில்லை. பறவைகளைத் தெரியும் என்பதால் பெயர்களை ஊகித்து ஊகித்து எழுத்துகளைப் பிடித்தாள். கொக்குதான் முதலில் வந்தது.

"அண்ணே, நாரையும் வந்துட்டு!" என்று ஒருநாள் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

கிராமசபைக் கூட்டங்களில் அதுவரை கைநாட்டுதான் வைத்துவந்தாள். அடுத்து வந்த குடியரசு தினக் கூட்டத்தில் மைப்பெட்டியை நீட்டியவரிடம், "பேனா குடுங்க" என்றாள். பைய எழுதினாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அவர்கள் எல்லோருக்கும் என் நன்றி.

என் தங்கை முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள் 2025 ஜனவரி 26.