வலப்பக்கம் திறக்கிற புத்தகமும் லெப்பைக்குடிக்காடு பஸ்ஸும்

2006 ஜூன் வெயிலில், போன திங்கட்கிழமை, லெப்பைக்குடிக்காடு போய் வந்தேன். காரணம் யூசுப். எங்கள் ராக் குழுவில் அவன் பேஸ் கிடார், நான் லீட். டிரம்ஸ் வாசித்தவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனான், பாடியவனும் பின்னாலேயே போய்விட்டான். மிச்சம் நாங்கள் இரண்டே பேர். அடுத்த மாதம் திருச்சியில் போட்டி, யூசுப்புக்கோ வியாழக்கிழமை துபாய் விமானம், அங்கே மச்சான் கடையில் வேலை. போகாதே என்று சொல்லத்தான் கிளம்பினேன். வீட்டில் சொன்ன காரணம், சினிமா பார்க்கப் போகிறேன் என்பது.

அதுவும் பொய்யில்லை. ஒரு ராக் குழுவைப் பற்றிய ஜப்பானிய மங்கா, அதாவது படக்கதைத் தொடர். அதில் ஒரு பாகத்தை யூசுப்பின் மச்சான் துபாயில் பழைய புத்தகக் கடையில் வாங்கி அனுப்பியிருந்தார். அசல் அவனிடம், ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் என்னிடம். ஜப்பானிய மொழி யாருக்குத் தெரியும்? படங்களை வைத்தே கதை புரிந்துகொண்டேன். காலி அறையில் ஒருவன் தனியாகக் கிடார் வாசிக்கிறான். ஒவ்வொருவராக வந்து சேருகிறார்கள். கடைசிப் பக்கத்தில் ஐந்து பேரும் மேடையில். டிரம்ஸ்காரன் போன அன்றுகூட யூசுப்பிடம் அந்தப் பக்கத்தைத்தான் காட்டினேன். இப்போது அதைப் படமாகவும் எடுத்து, டிவிடி யூசுப் வீட்டுக்கு வந்திருந்தது.

திருச்சி மத்திய பேருந்து நிலையத்தில் காலை 6.20க்குப் பஸ். பெரம்பலூருக்குப் பதினெட்டு ரூபாய். சிறுவாச்சூரில் பாதிப் பஸ் இறங்கியது. அங்கே காளி கோயில் நடை திறப்பது திங்களும் வெள்ளியும்தான், கூட்டம் பிடிக்காதவர்கள் வேறு நாளில் கிளம்புங்கள். 7.55க்குப் பெரம்பலூர். அடுத்த பஸ் 8.30க்கு. எப்போது எடுப்பீர்கள் என்று டிரைவரை மூன்று முறை கேட்டுவிட்டேன்.

"போயி டீ குடிச்சிட்டு வாங்க தம்பி. பஸ்ஸு உங்கள வுட்டுட்டுப் போயிடாது" என்றார்.

குடிக்கவில்லை. பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

பதினோரு ரூபாய் டிக்கெட், 9.50க்கு யூசுப் வீடு. கூடத்தில் பாதி கட்டிய பெட்டி. அதைப் பார்க்காத மாதிரி டிவி முன்னால் உட்கார்ந்தேன். படம் ஆரம்பித்ததுமே ஐந்து பேரும் மேடையில் இருந்தார்கள்.

"என்னடா, முடிவ மொதல்ல காட்டுறான்?"

"முடிவு இல்லடா. இதான் ஆரம்பம்" என்றான் யூசுப். "ஜப்பான்காரன் புத்தகம் வலது பக்கத்துலேருந்து தொறக்கணும். ஜெராக்ஸ் கடைக்காரர் நம்ம வழக்கப்படி இடது பக்கத்துலேருந்து எடுத்துட்டாரு. நான் சின்னதுலேருந்து குர்ஆன் ஓதுறவன், அதுவும் வலது பக்கந்தான் தொறக்கும், கையில வாங்குனதுமே சரியாத்தான் பிரிச்சேன்."

ஆக, யாரும் வந்து சேரவில்லை. ஒவ்வொருவராகப் போகிறார்கள். கடைசியில் அந்தக் காலி அறை.

"எட்டு மாசமா ஏண்டா சொல்லல?"

"நீ அத வச்சுத்தான டெய்லி பிராக்டிஸுக்கு வந்த. எப்புடிச் சொல்றது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவன் அம்மா பிரியாணிக்கு தம் போட்டிருந்தார். "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி" என்று வாசல்வரை வந்தார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பஸ் 12.40க்குத்தான். யூசுப் பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றான்.

"பாஸ்போர்ட்டுக்கு எப்ப எழுதிப் போட்ட?"

"நாம பேண்டு ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே."

"அப்பறம் எதுக்குடா கிடார் வாங்குன?"

"போறவரைக்கும் வாசிக்கலாமேன்னுதான்."

போகாதே என்று சொல்ல வந்தவன், அதைக்கூடச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: ரயிலில் வந்தால் அரியலூரில் இறங்கி, திட்டக்குடி பஸ்ஸில் அகரம்சீகூர் வந்து மாறலாம். மதியத்தில் பஸ் குறைவு, தண்ணீர் கொண்டுபோங்கள். வெளிநாடு கிளம்புகிற நண்பனைப் பார்க்கப் போனால், கோபத்தை ஒத்திவைத்துவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

இன்று வியாழன். துபாயில் இறங்கினதும் மச்சான் கடைக் கம்ப்யூட்டரில் முதலில் இந்தப் பதிவைத்தான் திறப்பான், எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் வாய் வரவில்லை. நல்லபடியா போயிட்டு வாடா, யூசுப்.