பயப்பட வேண்டாம் என்று எழுதிய நோட்டு

தொண்டு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பது என்றால், எல்லோரும் தள்ளி நின்று பார்க்கிற ஒரு பெட்டிக்கு நீங்கள் ஒருத்தி மட்டும் ஜாமீன் நிற்கிற வேலை. "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்ற ஒரே காரணத்துக்காக மாட்டிக்கொண்ட சகோதரி ஊருக்கு ஒருத்தியாவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நிறுவனம் விருத்தாசலத்துப் பீங்கான் யூனிட்டுகளில் வேலை செய்யும் பெண்களுக்கானது. மண் தூசியில் இருமல் பிடித்தவர்களை மாதம் ஒருமுறை எக்ஸ்ரே எடுக்க அனுப்புவோம். முதல் திங்கட்கிழமை காலை பெயர்ப் பட்டியல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தவறினால் அடுத்த மாதம்தான். அந்தப் பட்டியல்தான் என் வேலை. கணவர் சிங்கப்பூரில். எட்டு மாதக் குழந்தைக்கு மேஜை பக்கத்தில் தூளி கட்டிக்கொள்ளச் சம்மதித்த ஒரே ஆபீஸ் இது.

கடைசி பஸ்

கடையில் போட்டுக் கொடுத்த திருட்டு சாப்ட்வேர் காப்பி எதுவும் கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது என்று நிதி தருகிறவர்கள் எழுதிவிட்டார்கள். புதுச்சேரியிலிருந்து ஒரு தன்னார்வலர் வந்து, ஒரே பகலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் என்ற சாப்ட்வேரைப் போட்டார். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் காப்பி எடுக்கலாம், மாற்றலாம் என்றார். எங்கள் செயலாளர் அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு பட்டியல் தவறினாலும் என் சம்பளத்தை நிறுத்தி, அந்தக் காசில் ஒரிஜினலையே வாங்கிக் கடைக்காரரிடம் பொறுப்பை விட்டுவிடுவேன் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

கான்வென்ட்டில் படித்ததில் எனக்கு மிஞ்சிய பழக்கம், யார் அதட்டினாலும் எழுந்து நிற்பது. நின்றபடியே சரி என்றேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தன்னார்வலர் பின்னாலேயே போய், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று கேட்டேன். பஸ்ஸில் ஏறிக்கொண்டே சொன்னார்: "மெயில் போடுங்க மேடம், உலகத்துல யாராவது ஒருத்தர் முழிச்சிக்கிட்டுதான் இருப்பாங்க."

ரேஷன் கார்டு ஜெராக்ஸ்

இலவச டி.வி. கொடுத்துக்கொண்டிருந்த சமயம். ஆபீசுக்கு இலவசமாக ஏதோ சாப்ட்வேர் வந்திருக்கிறது என்ற செய்தி எப்படியோ யூனிட்டுகளுக்குப் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை ஏழெட்டுப் பெண்கள் கையில் ரேஷன் கார்டு ஜெராக்ஸோடு வாசலில் நின்றார்கள்.

உட்கார வைத்து விளக்கினேன். இது பொருள் இல்லை, எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுத்தால் குறையாது, ஆனால் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால்தான் ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஜெராக்ஸை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "குடுத்தா குறையாதுங்கற, எங்களுக்கு ஒதவாதுங்கற. அதுக்கு ஒரு டீயாவது குடுத்திருக்கலாம்ல?"

கொடுத்தேன்.

பிரவுசிங் சென்டர்

ஒருமுறை பிரிண்டர் நின்றுவிட்டது. பட்டியலுக்கு நாலு நாள்தான் இருந்தது. ஆபீசில் நெட் கிடையாது. இடுப்பில் குழந்தையோடு ஜங்ஷன் ரோட்டு பிரவுசிங் சென்டருக்குப் போய், தன்னார்வலர் விலாசம் கொடுத்துப் போயிருந்த, முகம் தெரியாத ஒரு மெயில் குழுவுக்கு நீளமாக எழுதினேன். மறுநாள் பதில் வந்திருந்தது. எந்த நாட்டுக்காரரோ தெரியவில்லை. என்னென்ன அடிக்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தார். அதன்படி செய்ததும் பிரிண்டர் ஓடியது. 

அதற்கு அடுத்த நாள் நன்றி சொல்லப் போனால், அவரிடமிருந்து இன்னொரு மெயில். இரண்டே வரி. இப்போது சரியாக இருக்கிறதா? இல்லையென்றால் சொல்லுங்கள், மறுபடி பார்க்கலாம். பிரசவத்துக்குப் பிறகு என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் கணவர் கேட்பதெல்லாம் குழந்தையைப் பற்றித்தான். கண்ணைத் துடைக்க ஒரு கை போதவில்லை. சென்டர்காரர் டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டுக் கேட்டார்: "பிரிண்டருக்காம்மா இவ்ளோ அழுவறீங்க?"

நோட்டு

எனக்கு ஒரு பயம் உண்டு. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தைக்கு எந்த மருந்து, எத்தனை சொட்டு என்று யாருக்கும் தெரியாதே என்று ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டியிருக்கிறேன். அதே பயத்தில் கம்ப்யூட்டருக்கும் ஒரு நோட்டு போட்டேன். தலைப்புக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு, முக்கியமானதற்குச் சிவப்பு மை. கரண்டு போய் வந்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும், இந்த எழுத்தை அமுக்க வேண்டும் என்பதுவரை எழுதி, ஆபீஸ் மேஜை டிராயரில் வைத்தேன்.

ஆனது எனக்கு இல்லை, குழந்தைக்கு. ஒரு வெள்ளிக்கிழமை ஜுரம் ஏறி வெட்டு வந்து கைகால் இழுத்துக்கொண்டது. கடலூர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். திங்கட்கிழமை பட்டியல் போகவில்லை, வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். போன் செய்து கேட்கக்கூடத் தைரியம் இல்லை. குழந்தை பிழைத்ததே போதும் என்று சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லும்போதே இனி தூளியை எங்கே கட்டுவது என்றும் மனசு கேட்டது.

வியாழக்கிழமை பயந்துகொண்டே ஆபீசுக்குப் போனேன். நோட்டீஸ் பலகையில், திங்கட்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்ட பட்டியலின் ஒரு காப்பி, கொஞ்சம் கோணலாக. கீழே செயலாளர் அம்மாவின் கையெழுத்து. அச்செடுத்தது ஆபீஸ் கூட்டி டீ போடும் அஞ்சலை அக்கா. யூனிட்டில் வருஷக்கணக்கில் தூசி தின்றவர், எட்டாவது படித்தவர். அந்த மாதப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. நோட்டைப் பக்கத்தில் விரித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கி, நடுவில் கரண்டு போய் வந்ததையும் சமாளித்திருக்கிறார். செயலாளர் அம்மா என் மேஜைப் பக்கம் வந்து, குழந்தைக்குத் தேவலையா என்று கேட்டார். அடுத்த மாதப் பட்டியலுக்கு இன்னும் நாலு பெயர் சேர்க்க வேண்டும் என்றார். நான் வழக்கம்போல எழுந்து நின்றேன்.

அஞ்சலை அக்கா டீயை வைத்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அட்டையில் அவர் விரல் ஈரம். "எல்லாம் வெளங்குது. ஒண்ணுதான் கேக்கணும்னு இருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் 'பயப்பட வேண்டாம், பயப்பட வேண்டாம்'னு செவப்புல எழுதி வச்சிருக்கியே, அது எனக்கா, உனக்காம்மா?"

ஸ்ரீமுஷ்ணத்தில் இதே மாதிரி மாட்டிக்கொண்ட ஒரு சகோதரி கேட்டதால் இந்த ராத்திரியில் நோட்டுக்கு இரண்டாவது பிரதி எழுதிக்கொண்டிருக்கிறேன், தேவையில்லாததையெல்லாம் வெட்டியாகிவிட்டது, அந்த ஒரு வரியை மட்டும் எடுக்கப் பயமாக இருக்கிறது.