ஓரத்து நாற்காலி

கோபினா எசுமனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று துறைமுக ஊரான தக்கோராடியின் சந்தை வட்டத்தில் முதலில் சொன்னது யார் என்று தெரியாது. சொல்லாதவர்கள் ஒருவரும் மிச்சமில்லை என்பது மட்டும் தெரியும். நடந்து வருகிறவன்தான் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். பால் மறக்கும் முன்பே கற்றுக்கொள்கிற பாடம் அது. கோபினாவோ தையல்காரர்களையும் தக்காளிக்காரிகளையும் தாண்டி விறுவிறுவென்று கடைக்குப் போய்விடுவான். யாராவது உரக்கக் கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்பி, அப்போதுதான் பார்ப்பதுபோல் பல்லைக் காட்டுவான். நடிக்கிறான் என்றார்கள். ஆன்ட்டி மான்சா சோளமாவு உருண்டை வேகவைக்கிற கென்கே அண்டாவை இரண்டு முறை காலால் இடறிவிட்டு, "இதை எப்போ இங்க வெச்சீங்க?" என்று கேட்டான். அந்த அண்டா பதினோரு வருஷமாக அதே இடத்தில்தான் இருக்கிறது.

தலைக்கனம் வருவதற்குக் காரணமும் ஊர்க்காரர்களிடம் தயாராக இருந்தது. ரயில்வே பிட்டரின் மகன், பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தோடு விட்டவன், நீல நிறக் கன்டெய்னர் ஒன்றில் பழைய கணினிகளைப் பழுது பார்க்கிறவன். அவன் பெயர் இப்போது நாட்டு எல்லை தாண்டி லாகோஸ் வரை, டுவாலா வரை தெரிந்திருந்தது. எல்லாம் ஒரு கால்பந்து கேமால் வந்த புகழ்.

இருபது வருஷத்துக்கு முந்தைய கேம் அது. ஐரோப்பாவில் யாரோ செய்தது. அதில் கறுப்பு ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே முகம். இன்டர்நெட் கடையில் மணிக்கணக்கு வாடகைக்கு உட்கார்ந்து அதை ஆடிய இளைஞன் கோபினாவுக்கு அது பொறுக்கவில்லை. கேமின் கோப்புகளைப் பிரித்துப் போட்டு, தன் ஊர்த் துறைமுக அணியின் சட்டையையும், ஒவ்வொரு ஆட்டக்காரனின் முகத்தையும் புகைப்படத்திலிருந்து எடுத்து அதற்குள் வைத்தான். கோல்கீப்பரின் புருவத் தழும்பைக்கூட விடவில்லை. ஊரே அந்த கேமைத்தான் ஆடியது, இன்றும் ஆடுகிறது. புதிய கேம்களுக்குப் பெரிய கணினி வேண்டும், எந்நேரமும் இன்டர்நெட் வேண்டும், எல்லாம் இருந்தாலும் துறைமுக அணி அதில் இல்லை.

கணினிகள்தான் மாறிவிட்டன. சதுரத் திரைக்குச் செய்த படத்தை இன்றைய அகலத் திரையில் இழுத்துப் போட்டால், பதினோரு பேரும் குண்டாகி, பந்து முட்டையாகிவிடும். கோபினா இரண்டு வருஷம் அந்த வேலையில் மூழ்கினான். படத்தின் அகலத்தைத் தீர்மானிக்கிற எண்கள் நிரலுக்குள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேடிப் பிடித்து மாற்றினான். புல்லையும் சட்டையையும் நான்கு மடங்கு துல்லியத்தில் புதிதாக வரைந்தான். டார்க்வா பள்ளியில் ஆசிரியையாக இருக்கிற அவன் மனைவி மாதத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வந்தால், உடைந்த கோப்பைகளை எண்ணிவிட்டு, "கம்ப்யூட்டரக் கட்டிக்கிட்டுப் பாதிக் கண்ணு போச்சு உங்களுக்கு" என்பாள். பேச்சுக்குச் சொன்னதுதான்.

நிலைமை முற்றியது பெரியம்மா முறையான ஒருத்தியின் சாவுச் சடங்கில். சனிக்கிழமை, பந்தல், கறுப்பும் சிவப்புமாகத் துணி உடுத்திய சனம். வந்தவன் வலது ஓரத்திலிருந்து தொடங்கி, வரிசையில் ஒருவர் விடாமல் கைகுலுக்கிக்கொண்டே இடது ஓரம் வரை போக வேண்டும். குடும்பத் தலைவர் கோபினாவின் தாய்மாமன், அவன் "வோஃபா" என்று அழைக்கிற எக்கோ அர்த்தூர். வழக்கமாக நடுவில் உட்காருகிறவர், அன்று முழங்கால் வலிக்குக் காலை நீட்டிக்கொள்ள வசதியாக இடது ஓரத்து நாற்காலியில் இருந்தார். கோபினா கைகுலுக்கிக்கொண்டே வந்தான். கடைசிக்கு முந்தைய நாற்காலியோடு நின்று, திரும்பி, தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். வோஃபாவின் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. நூறு பேர் பார்த்தார்கள்.

அப்போதே ஓடிப்போய் காலில் விழுந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்டவர்களிடமெல்லாம் அவன் ஒரே பிடியாக, அந்த நாற்காலி காலியாக இருந்தது என்று சாதித்தான். பேச்சு பக்கத்து ஊரான செகோந்தியில் மாமாவின் முற்றத்துக்குப் போய்ச் சேர அரை நாள் ஆனது. அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என் தங்கை மகனுக்கு நான் காலி நாற்காலியாகிவிட்டேனா என்று கேட்டார். இனிமேல் குடும்பக் கூட்டம் எதற்கும் அவனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்றார். எங்கள் பக்கத்தில் இதன் அர்த்தம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். குடும்பம் கைவிட்டவனுக்கு நாளை சாவு வந்தால் பந்தல் போட ஆள் கிடையாது. நாற்பத்தொரு வயதில் கோபினா அநாதையானான். வெளியே வீறாப்பாக இருந்தாலும், செய்யாத குற்றத்துக்கு இந்தத் தண்டனையா என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான்.

அந்த ஆத்திரத்தோடுதான், பழைய கேமோடு சேர்த்துப் போட்டுக்கொள்கிற அகலத்திரை பேட்சை வெளியிட்டான். முதல் வாரம் பாராட்டு வந்தது. இரண்டாம் வாரம் புகார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஜோஜோ, கடையின் ஆதி வாடிக்கையாளன், வேலை விட்டு நேரே வந்து உட்கார்ந்தான்.

"சாலே, நண்பா, உன் பேட்ச்ல விங்கர் பேயா மாறிடறான்யா. பந்து நடுவுல இருக்கறப்போ, லைன் ஓரமா ஓடறவன் திடீர்னு காணாமப் போறான். புல்லு இருக்கு, ஆளு இல்ல."

அப்படி எதுவும் இல்லை என்றான் கோபினா. தான் முந்நூறு ஆட்டம் ஆடிப் பார்த்ததாகவும், ஒருவனும் மறையவில்லை என்றும் சொன்னான். டுவாலாவிலிருந்து நான்கு பேர் இதையே எழுதியிருந்தார்கள். அவர்களுக்கும் உங்கள் மானிட்டரைத் துடையுங்கள் என்று பதில் போட்டிருந்தான். ஜோஜோ கேமை ஓடவிட்டுக் காட்டினான். கோபினா பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜோஜோ ஓரத்தைக் காட்டிக் கத்துவான். கோபினா தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் பந்து நகர்ந்து, மறைந்தவன் திரும்ப வந்திருப்பான். குரல்கள் ஏறின.

சத்தம் கேட்டு ஆன்ட்டி மான்சா கரண்டியும் கையுமாக உள்ளே வந்தாள். அவளுக்கு கேம் தெரியாது. அவள் காதில் விழுந்தது இரண்டு வாக்கியங்கள். ஓரத்தில் இருப்பவன் காணாமல் போகிறான் என்று ஒருவன் சொல்கிறான். அங்கே யாருமே மறையவில்லை என்று இன்னொருவன் சாதிக்கிறான். அவளுடைய அண்டா ஞாபகம் வந்தது. பிறகு, சந்தையே பேசிய அந்தக் காலி நாற்காலி ஞாபகம் வந்தது.

"கோபினா, வாயை மூடிட்டு அந்தப் பந்தை மட்டும் பாரு. தலைய ஆட்டாத. ஜோஜோ, நீயும் அப்படியே பாரு. கரண்டி கண்ணுல பட்டதும் ரெண்டு பேரும் சொல்லுங்க."

ஆட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். அவள் ஜோஜோவின் முதுகுக்குப் பின்னாலிருந்து கரண்டியை மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். தோள் அருகே வரும்போதே அவன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். பிறகு கோபினாவின் பக்கம் வந்தாள். தோளைத் தாண்டியது. காதுக்கு நேரே வந்தது, கன்னத்தைத் தாண்டியது. திரையின் ஓரத்தைத் தொட்டு உள்ளே வந்தது. கரண்டியிலிருந்து சோளமாவுத் தண்ணீர் விசைப்பலகையில் சொட்டியது. பந்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தபோது கோபினா, "இப்போ தெரியுது" என்றான்.

ஜோஜோவின் சிரிப்பு நின்றுபோனது. அவள் மறுபக்கமும் செய்து பார்த்தாள். அந்தப் பக்கமும் ஒரு சாண்தான்.

"இதுக்கா நான் உன்ன இத்தன நாளு திமிரு புடிச்சவன்னு திட்டிட்டிருந்தேன்" என்று சொல்லி அவள் அவன் தலையில் கை வைத்தாள்.

கண் ஆஸ்பத்திரியில் கிண்ணம்போல் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே, எங்காவது சின்ன வெளிச்சம் மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். வாழ்நாளெல்லாம் பொத்தான் அழுத்தியவனுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. ஒன்றையும் தவறவிடவில்லை என்ற திருப்தியோடு எழுந்தான். மெஷின் நடுநடுவே ரொம்ப நேரம் சும்மா நின்றுவிடுகிறது என்றும், சரிபார்க்க வேண்டுமானால் தானே பார்த்துத் தருவதாகவும் நர்ஸிடம் சொன்னான்.

நர்ஸ் அச்சடித்த தாளைக் கிழித்துக்கொண்டே சொன்னாள்: "மெஷின் ஒரு தடவகூட நிக்கலீங்க."

தாளில் நடுவில் ஒரு சாவித் துளை அளவுக்கு வெள்ளை. சுற்றிலும் கறுப்பு. கண் அழுத்த நோய் என்றார் டாக்டர். வலியில்லாமல் வருடக்கணக்காக ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்திருக்கிறது. போனது போனதுதான், காலையும் மாலையும் சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். கறுப்பாகத் தெரிந்திருந்தால் தனக்கே புரிந்திருக்குமே என்று கோபினா கேட்டான். கறுப்பாகத் தெரியாது, பக்கத்தில் இருப்பதை வைத்து மூளை நிரப்பிக்கொள்ளும் என்றார் டாக்டர். புல் இருக்கும், ஆள் இருக்க மாட்டான். ஆஸ்பத்திரி வாசலில் மாம்பழக்காரியின் பெஞ்சில் உட்கார்ந்து அவன் அழுதான். கண்ணுக்காக அழுதது கொஞ்சம்தான். நூறு பேர் முன்னால் நீண்டிருந்த அந்தக் கைக்காகத்தான் அதிகம் அழுதான்.

கேமில் இருந்த கோளாறும் நிஜம்தான். திரையை அகலப்படுத்தினாலும், பழைய சதுரத்துக்கு வெளியே நிற்பவர்களை வரையத் தேவையில்லை என்று அந்த நிரல் நினைத்துக்கொண்டிருந்தது. ஜோஜோவை ஓரத்தைப் பார்க்க வைத்து, ஒன்பது நாளில் சரிசெய்தான். டுவாலாக்காரர்களுக்குத் தனித்தனியாக மன்னிப்பு எழுதினான். அதில் கண்ணைப் பற்றியும் எழுதினான்.

அடுத்த ஞாயிறு, கோயில் முடிந்து, மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் கொண்டுபோகிற சாராயப் புட்டியும் ஆஸ்பத்திரித் தாளுமாக செகோந்தி முற்றத்துக்குப் போனான். சேதி முன்னமே போயிருந்தது; மான்சா சும்மா இருப்பாளா? மாமாவும் நான்கு பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கோபினா வலது ஓரத்தில் தொடங்கினான். ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் நின்று, தலையை முழுதாகத் திருப்பி, முகத்தைப் பார்த்து, பிறகு குனிந்து கையைத் தேடிக் குலுக்கினான். ஒரு பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மாமா நடுவில்தான் இருந்தார். அவரைக் கடைசியாக வைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றான்.

தாளை நீட்டினான். மாமா அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்த வெள்ள மட்டுந்தான் உனக்குத் தெரியுதா?"

"ஆமா வோஃபா. அன்னிக்கு நாற்காலி காலின்னு சொன்னேன். எனக்குக் காலியாத்தான் தெரிஞ்சுது. ஆனா நீங்க இருந்தீங்க. தப்பு என்னோடது."

மாமா தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்து, கையை நீட்டினார்.

கோபினா அசையவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, தீர்ப்புக்காகக் காத்து நின்றான். பெரியவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். இடுப்பு உயரத்தில் அந்தக் கை மறுபடியும் அந்தரத்தில் நின்றது.

கிழவருக்கு அப்போதுதான் தாளில் இருந்தது முழுசாகப் புரிந்திருக்க வேண்டும். நீட்டிய கையை மெதுவாக மேலே கொண்டுவந்தார். மார்பைத் தாண்டி, தாடையைத் தாண்டி, தன் மூக்குக்கு நேரே நிறுத்தினார்.

"இப்பத் தெரியுதாடா?"

"தெரியுது வோஃபா" என்று கோபினா இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டான்.